ஐம்பதால் வகுத்த உப்பு

"முந்நூற ஆறால வகுத்தா எவ்ளோ வரும், கண்ணு?" என்று வெர்லா என்னிடம் கேட்டார்.

ஐம்பது என்றேன். இந்த விஷயத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். நான் சொன்ன விடையும் சரியானதுதான். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வெர்லா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையற்காரர். பத்தொன்பது வருடமாக முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர். அவருக்கும் என் அப்பா ஹார்லனுக்கும் ஜூன் மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அம்மா எங்களை விட்டு டெஸ் மாய்ன் நகரத்துக்குப் போய், அங்கே வேறொருவரோடு குடித்தனம் தொடங்கி எட்டு வருடம் ஆகிவிட்டது. ஆகவே இந்தக் கல்யாணத்தில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எனக்கும் இல்லை.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றால் ஸ்லாப்பி ஜோ. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இரண்டு வருடமாக நான்தான் செய்துகொண்டிருந்தேன். மாட்டுக் கொத்துக்கறியை வெங்காயத்தோடும் குடைமிளகாயோடும் வதக்கி, கெட்சப், கடுகு விழுது, பழுப்புச் சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்து, பன்னுக்குள் வழிய வழிய வைப்பது. டப்பாவில் விற்கிற குழம்பை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. பிப்ரவரியில் வெர்லா, இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் தானே வந்து சமைப்பதாகச் சொன்னார். குடும்பத்துக்குச் சமைத்துப் பழக வேண்டுமாம்.

"எனக்குச் சின்னதா சமைக்கவே வராது" என்றார். "தனியா இருக்கற பொம்பள. ராத்திரிக்கு ஒரு டப்பா சூப்போட முடிச்சுக்குவேன். அடுப்பு பத்த வெச்சா முந்நூறு பேருக்குத்தான். அம்பது பவுண்டு கறி, இருபத்தஞ்சு வெங்காயம், மூணு கேலன் கெட்சப், ஒரு கப் உப்பு. நீ கணக்குல கெட்டிக்காரியாச்சே. இத ஆறு பேருக்கு ஆக்கிக் குடேன்."

நாங்கள் ஐந்து பேர்தான். அண்ணன் டுவைட் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான்.

நான் அட்டையும் பேனாவும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். நான் எழுதும்போது அவர் என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஜூனுக்கு அப்புறம் இந்த அடுப்ப நான் பாத்துக்கறேன், கண்ணு. செப்டம்பர்ல நீ ஸ்கூலுக்குத் திரும்பிப் போற. தலைமையாசிரியர்கிட்ட பேசிட்டேன்."

கறி ஒரு பவுண்டு. வெங்காயம் அரை. கெட்சப் ஒரு கப். எல்லாம் சரியாக எழுதினேன். ஒரு கப் உப்பில் நாற்பத்தெட்டு டீஸ்பூன் இருக்கிறது. ஐம்பதால் வகுத்தால் ஏறத்தாழ ஒன்று. இரண்டு என்று எழுதினேன்.

பள்ளிக்கூடப் பேச்சுக்கும் அந்த உப்புக்கும் சம்பந்தம் இல்லை. நான் ஏன் படிப்பை விட்டேன் என்பது ஊருக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நின்றேன். பேச்சு வரவில்லை. இரண்டாவது நிமிடத்தில் பின்வரிசைப் பையன்கள் சத்தமாக நொடிகளை எண்ணத் தொடங்கினார்கள். நூற்றுநாற்பது வரை கேட்டேன். அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் வெர்லா ஒன்றும் கேட்காமல் என் தட்டில் ஒரு கரண்டி அதிகம் வைத்தார். மறுநாள் நான் போகவில்லை. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் செவ்வாய்க்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா, டுவைட், அப்பாவின் அக்கா ஆர்டிஸ் அத்தை, வெர்லா, நான். அப்பா ஒரு கடி கடித்தார். அவர் காதுகள் சிவந்தன. எங்கள் ஊரில் ஒருவர் சமைத்ததைக் குறை சொல்வது, தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றாமல் உட்காருவது போன்ற அவமரியாதை. ரொம்ப நன்றாக இருந்தால் "பரவாயில்ல" என்போம். வாயில் வைக்கவே முடியாவிட்டால் "வித்தியாசமா இருக்கு" என்போம்.

"வித்தியாசமா இருக்கு" என்றார் அத்தை.

"ஆமா, ஆமா. வித்தியாசம்" என்று டுவைட் மூன்றாவது டம்ளர் பாலை ஊற்றிக்கொண்டான்.

வெர்லா கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "கொஞ்சம் கரிக்குதோ?"

"சேச்சே" என்று அப்பா இன்னொரு பன்னை எடுத்துத் தட்டில் வைத்தார். மரியாதை தெரிந்தவர்.

"உனக்கு, கண்ணு?"

"எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றேன். நான் சோளம் மட்டும்தான் சாப்பிட்டிருந்தேன்.

வெர்லாவின் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா குழாயில் வாயை வைத்தார்.

"மாட்டுக்கு வெக்கிற உப்புக்கட்டிய நக்குன மாதிரி இருக்குப்பா" என்றான் டுவைட். "சொல்லித் தொலைங்களேன்."

"நீ சொல்லேன்டா."

"நான் எதுக்கு? நீங்கதான கட்டிக்கப் போறீங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார் அத்தை. "பாவம், ஆசையா செய்யறா. தின்னு பழகிக்கலாம்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்க மூன்று பேருக்கு வாய்ப்பு இருந்தது. நான் யாரையும் தடுக்கவில்லை.

அட்டையில் எண்ணெய்க்கறை பட்டுவிடும். அதனால் வாரா வாரம் புதிதாக எழுதிக்கொடுப்பேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். இரண்டாவது வாரம் இரண்டரை, மூன்றாவது வாரம் மூன்று. மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அளவு மீறுவது எனக்குப் பிடிக்காது.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. வெர்லா யோசிக்கக் கூடியவர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நான்காவது செவ்வாயன்று பாத்திரம் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா ரெண்டு ரெண்டா வாங்கிச் சாப்புடறாரு. டுவைட் தட்ட வழிக்கிறான். எனக்கு மட்டும்தான் கரிக்குது. அப்போ கோளாறு என் நாக்குலதான? எனக்கு உப்பு சரியா இருக்குன்னா, மத்தவங்களுக்கு அது சப்புன்னு இருக்கும். பத்தொம்பது வருஷமா அந்தப் புள்ளைங்களுக்குச் சப்புன்னு போட்டிருக்கேன், கண்ணு. ஒரு புள்ளகூடச் சொல்லல."

அவர் கண் கலங்கியிருந்தது. உலர்ந்த துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அண்டாவில் ஒரு கப்புக்குப் பதிலாக மூன்று கப் உப்பு விழுந்தது.

பிள்ளைகளுக்கு இன்னும் மரியாதை பழகியிருக்கவில்லை. கடலைக் கண்ணால் பார்த்திராத ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை, இது கடல் என்று அறிவித்துவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டதாம். பதினொன்றே முக்காலுக்குப் பால் தீர்ந்துபோனது. நான்கு பேர் வாந்தியெடுத்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, சாப்பாடு வித்தியாசமாக இருந்தது என்று சொன்னார்.

அடுத்த செவ்வாயன்று வெர்லா பன்னைக் கையில் எடுக்காமல் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "சத்தியமா சொல்லுங்க. இது கரிக்குதா, இல்லையா? கோவிச்சுக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும்."

அப்பா தட்டைப் பார்த்தார். டுவைட் அப்பாவைப் பார்த்தான்.

"நீ செஞ்சா எதுவும் எனக்குப் பிடிக்கும், வெர்லா" என்றார் அப்பா. அன்றைக்கு மூன்று சாப்பிட்டார். பாசம் அவ்வளவு.

வெர்லா அதை நம்பினார். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் அதே கதை. இந்தமுறை பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் வித்தியாசம் என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வெர்லா பெரிய ஊரான சூ சிட்டிக்குப் போய் மருத்துவரிடம் நாக்கைக் காட்டினார். நாக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வரவில்லை. பயம்தான் கூடியது. திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். "காப்பில சர்க்கரைக்குப் பதிலா மாவு போட்டா. கேட்டா, ருசியா இருக்குன்னா. ஆறு மாசத்துல என்னையே யாருன்னு கேட்டா. ஹார்லனுக்கு ஏற்கெனவே ஒருத்தி விட்டுட்டுப் போனா. நானும் இருந்துக்கிட்டே இல்லாமப் போயிட்டா, அந்த மனுஷன் என்ன ஆவாரு? நீ நேர்மையான பொண்ணு. சொல்லு. என்கிட்ட ஏதாச்சும் மாத்தம் தெரியுதா?"

என் கட்டிலில் அதற்குமுன் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுதான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மே மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் ஒரு கேக் வெட்டி அவரை வேலையிலிருந்து அனுப்பிவைத்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அவரே அப்பாவிடம் சொன்னார். எதுவரைக்கும் என்று அப்பா கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய் டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடும்வரை வெளியே வரவில்லை. செப்டம்பரைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதன்பின் வந்த செவ்வாய்க்கிழமைதான் கடைசி. வெர்லா கொஞ்சம் ஆறுதலாக ஏதாவது சாப்பிடட்டும் என்று நானே அவரைக் கூப்பிட்டேன், நானே சமைத்தேன். அவர் தளர்ந்துபோய் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் அவருக்கு முதலில் பரிமாறினேன்.

அவர் ஒரு கடி கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மிக மெதுவாக மென்றார். மறுபக்கம் அப்பா பாதிப் பன்னைத் தின்றுவிட்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக, தன்னையறியாமல், "பரவாயில்ல" என்றார்.

வெர்லா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இதுல உப்பு எவ்ளோ போட்ட, கண்ணு?"

கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "ஒரு டீஸ்பூன்."

"எனக்கு எழுதிக் குடுத்ததுல?"

"மூணு."

டுவைட்டின் கை பால் டம்ளரில் அப்படியே நின்றது. அத்தை, "சோளம் இன்னும் இருக்கு, யாருக்காவது வேணுமா?" என்றார். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்: கை தவறவில்லை. தெரிந்துதான் எழுதினேன், வாரா வாரம், அழகான கையெழுத்தில். அப்பாவின் நன்மைக்காக எழுதினேன்.

வெர்லா பன்னைத் தட்டில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அப்பா எழுந்து அவர் பெயரைச் சொன்னார், இரண்டு முறை. எங்கள் ஊரில் விருந்தாளி கிளம்பினால் வாசலில் அரை மணி நேரம், காரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போவது வழக்கம். வெர்லா நாற்காலியை உள்ளே தள்ளினார், கதவைச் சத்தமில்லாமல் திறந்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். இவ்வளவு மரியாதை தெரியாதவர் அப்பாவுக்குச் சரிப்பட்டு வந்திருக்கவே மாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறுதியானது.