மாசானம் தர வேண்டிய தோள்

முதலில் வாக்குத் தவறியவன் மாசானம். அதைச் சொல்லாமல் தவசிமுத்துவின் கதையை எங்கள் பக்கத்தில் யாரும் தொடங்குவதில்லை. மாசானம் வேறு யாருமில்லை, தவசிமுத்துவின் தங்கையைக் கட்டியவன்.

தேரி என்னும் செம்மணல் மேடு இன்னும் ஊருக்குள் நகர்ந்து வராத காலம். அந்தக் காலத்தில் ஒத்தைப்பனைவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம். நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தார்கள். அங்கே காற்றை நக்கினாலும் இனிக்கும் என்பார்கள். கொல்லத்தில் அதற்குக் கிராக்கி, கொழும்பில் கிராக்கி, மாலத்தீவில் அதைவிடக் கிராக்கி. ஆனால் சரக்கை இருப்பு வைத்து மூன்று பக்கமும் அனுப்ப ஒரு துறை வேண்டுமே! முந்தின வருஷம் பெரிய துறைமுகத்தில் வைத்தார்கள். தோணி வருமுன் ஈரக்காற்றில் அத்தனையும் கசிந்து தரையில் ஓடிவிட்டது. ஊரே பட்டினி கிடந்தது. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் ஊர் கலைந்துவிடும்.

"தவசி, இந்தத் தடவை நீ ஒரு எடம் பாரு" என்றது ஊர்.

தவசிமுத்து ஓலைக் கொட்டானில் ஒரு கருப்பட்டியை வைத்துக்கொண்டு நடந்தார். பெரிய துறைமுகத்தில் இருந்து பார்த்தார். இரண்டாம் நாள் கருப்பட்டி வேர்த்தது. ஆற்று முகத்துவாரத்தில் புதுக் கருப்பட்டியோடு இருந்து பார்த்தார். அங்கே முதல் நாளே வேர்த்தது. திரும்பி வந்து, "தேரிக்கு அந்தப் பக்கம் பாக்கப் போறேன்" என்றார்.

மாசானம் சிரித்தான். "அங்க யாருக்கு விப்பீரு மச்சான்? நண்டுக்கா?"

"காத்து நல்லாருக்கு மாப்பிள்ளை."

"காத்தத் தின்னா நாப்பது வீடும் கெடக்கும்? அந்தக் காட்டுல மூணு நாள் ஒம்ம கருப்பட்டி காஞ்சு நிக்கட்டும், ஒரு தோணி எட்டிப் பாக்கட்டும். ஒம்மத் தோள்ல தூக்கித் தேரிய ஒரு சுத்துச் சுத்தி வாறேன். ஊரு சாட்சி!"

தவசிமுத்து போனார். ஒரு மேட்டில் உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் தேரி, முகத்துக்கு நேரே கடல். மேல்காற்று செம்மணலில் சூடேறி, அவர் காதோரம் உரசிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. மணல் நகர்ந்தது. மேடு நகர்ந்தது. தானும் நகர்கிறோமோ என்று இருந்தது அவருக்கு. ஒரு நாள் இருந்தார். இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் நண்பகலில் கண் செருகியது. கடல் முழுக்கப் பதநீராகி வெள்ளை வெள்ளையாக நுரைத்துப் பொங்குகிறது. யாரோ மூன்று அகப்பை விட்டுக் கிண்டுகிறார்கள். அகப்பைகள் அவரைப் பார்த்து வருகின்றன, வருகின்றன.

கண் விழித்தார். அகப்பை இல்லை, பாய்மரம். மூன்று தோணி.

"யாருவே நீரு?" என்றான் முதல் தோணியிலிருந்து இறங்கிய கொல்லத்துக்காரன்.

"நீங்க எதுக்கு இங்க வந்திய?"

"தேரியடி ஊத்துத் தண்ணிக்கு. இந்தக் கரையில இதுதான் நல்ல தண்ணி. கொழும்புக்காரனும் வருவான், தீவுக்காரனும் வருவான்."

தவசிமுத்து கொட்டானைத் திறந்தார். கருப்பட்டியைச் சுண்டினார். டங்கென்றது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அந்த வருஷம் நாற்பது வீட்டுச் சரக்கும் தேரிக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஒரு கட்டிகூடக் கசியவில்லை. நாற்பது வீட்டிலும் உலை கொதித்தது. கரையில் சரக்கு வைக்கக் கட்டிய கிட்டங்கியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் யார்? மாசானம்! கரைக்கு மாசானத்துறை என்று பேரும் விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளை, தோளு?"

"இந்தத் தோணி போவட்டும் மச்சான்."

"மாப்பிள்ளை, தோளு?"

"முதுகு பிடிச்சிருக்கு மச்சான்."

வருஷா வருஷம் முதல் தோணி ஏறும் நாளில் தவசிமுத்து அந்த மேட்டில் போய் உட்காருவாராம். கடலைப் பார்க்க மாட்டார். மாசானம் வரும் பாதையைப் பார்ப்பார். அப்படி உட்கார்ந்தபடியே ஒரு நாள் அடங்கிப்போனார்.

அதனால்தான் அதற்குத் தவசிமேடு என்று பேர். முதல் சரக்கு ஏற்றும் நாளில் சுமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைச் சுற்றுவது அதனால்தான். மாசானம் வகையறா மட்டும் தூக்குவதில்லை. போன வருஷம் அவன் பேரனுக்குப் பேரன் ஒருவன் தவசிமுத்து வீட்டாரைத் தேடிக் காரில் வந்தான். "பெரியவரே, ஒங்க குடும்பத்துல ஒருத்தர ஏத்துங்க. கார்ல வெச்சே தேரியச் சுத்திக் காட்டிருதேன்" என்றான்.

"காரு வேண்டாம். தோளக் கொண்டா" என்றார்கள் தவசிமுத்து வீட்டார்.

அவன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.