சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது

மார்கழியில் எங்கள் மலையில் மூன்றரை மணிக்கு மேல் துணி காயாது. இதை எதற்கு முதலில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம், இன்ஸ்பெக்டர் அம்மா. "நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். நடந்ததெல்லாம் அந்த மூன்றரை மணியிலிருந்துதான் தொடங்குகிறது. பனி இறங்கும். கொடியில் கிடக்கிற துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து டீக்குத் தண்ணீர் வைப்பேன். நாலு மணிக்குக் கண்ணாயி வந்துவிடுவாள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட நாலு வயது மூத்தவள். எழுதும்போது அவள் என்றே வருகிறது. அவ்வளவு பழக்கம்.

என் பெயர் ஜெனிபர். இந்த மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கிராம நர்ஸ். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அங்கே எனக்கென்று யாரும் இல்லை, அதனால் மாறுதல் கேட்டதும் இல்லை. என் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த மேட்டில்தான் கண்ணாயியின் வீடு. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒன்றரை ஏக்கரில் மிளகும் நாலு பலா மரமும் வைத்திருந்தாள். ஒரே மகன் சதீஷ்குமார், ஈரோட்டில் லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறான்.

மாத்திரை கொடுக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே வயதானவர்கள் பலருக்கு எழுத்துத் தெரியாது. காலை மாத்திரையா ராத்திரி மாத்திரையா என்று கவரில் எழுதிக் கொடுத்துப் புண்ணியமில்லை. நான் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறவள். நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு கன்னியாஸ்திரீ கற்றுக் கொடுத்தார். மிச்சம் விழுகிற நூலை முழம் முழமாக வெட்டி மாத்திரைக் கவர்களில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். சிவப்பு நூல் என்றால் பிரஷர், ஒரு நாளும் விடக் கூடாது. நீலம் என்றால் சர்க்கரை. வெள்ளை என்றால் சத்து மாத்திரை, மறந்தாலும் பரவாயில்லை. ஒரே மாதத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் பிலிப் ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கண்ணாயிக்குப் பிரஷர் இருந்தது. வாரம் இரண்டு கவர், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. மாத்திரையைத் தின்றுவிட்டு நூலைப் பத்திரமாக எடுத்து வைப்பாள். "இம்புட்டு நல்ல நூல வீசறதுக்கு மனசு வருமாங்க?" என்பாள். அப்படித்தான் அவளுக்கு நான் பின்னக் கற்றுக் கொடுத்தேன். சிவப்பையும் வெள்ளையையும் மாறி மாறி முடிச்சுப் போட்டு, நாலு விரல் அகலத்துக்கு ஒரு மஃப்ளர் பின்னிக்கொண்டே வந்தாள். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு இழுப்பதுபோல இழுத்து இழுத்துப் பின்னுவாள். மெதுவாக விடக்கா என்றால் சிரிப்பாள்.

நாலு வருஷம். தினமும் நாலிலிருந்து ஆறு வரை. இஞ்சி தட்டிப் போட்ட டீ, டிவியில் ஒரு சீரியல், இரண்டு பேர் மடியிலும் நூல். இன்றைக்கு மழை வருமா, மிளகுக்கு இந்த ஈரம் ஆகுமா, சீரியலில் அந்த மாமியார் எப்போது திருந்துவாள், இவ்வளவுதான் பேச்சு. மாமியாரைப் பார்த்து, "இவளையெல்லாம் எழுபது வளைவுலயும் உருட்டி உடோணும்" என்று ஊசியை நீட்டித் திட்டுவாள். நான் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்துவேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

போன ஆனி மாதம் ஒருநாள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"தை பொறந்ததும் பையன் வந்து கூட்டிட்டுப் போறேங்கறான் கண்ணு. மொளகப் பறிச்சுட்டுக் கெளம்பிர வேண்டியதுதான். எனக்குன்னு தனி ரூம்பு வெச்சிருக்கானாம். டிவி செவுத்தளவுக்கு இருக்குதாமா."

"நல்லதுக்கா" என்றேன்.

"நீயும் லீவுக்கு வா. ஒரு எட்டுத்தான."

ஒரு எட்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். அன்று அவள் போன பிறகு இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன். தை மாதத்துக்குப் பிறகு நாலு மணி என்று ஒன்று வருமே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி முதல் வாரத்திலிருந்து அவளுடைய பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன். அந்தக் கவரிலும் சத்து மாத்திரையையே போட்டேன். கெடுதல் நினைக்கவில்லை. தலை கொஞ்சம் கிறுகிறுத்தால் பஸ்ஸில் ஏறப் பயப்படுவாள், மகனும் யோசிப்பான், அவ்வளவுதான் என் கணக்கு. அந்தக் கவரில் நான் வெள்ளை நூலைத்தான் கட்டினேன். சத்து மாத்திரைக்குச் சிவப்பு நூல் கட்ட என்னால் முடியாது. ஊரே அந்த நூலை நம்புகிறது, அதில் பொய் கலக்கலாமா?

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய்கள் மொத்தம் இரண்டுதான். முதலாவது இதோ. இரண்டு கவரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாயி கேட்டாள்.

"ஏங்கண்ணு, ரெண்டுமே வெள்ளையா இருக்குது?"

"சிவப்பு நூல் தீர்ந்துபோச்சுக்கா. மாத்திரை அதேதான்."

அப்போது என் மடியில் அவளுக்காக நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் கிடந்தது. சிவப்பு ஸ்வெட்டர். பக்கத்துக் கூடையில் இன்னும் மூன்று பெரிய சிவப்பு உருண்டைகள். அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "செரி" என்று கவரை இடுப்பில் செருகிக்கொண்டு டிவி பக்கம் திரும்பினாள். நான் சொன்னால் அவளுக்குச் சரிதான். அந்த அளவுக்கு எங்களுக்குள் நம்பிக்கை இருந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பிரஷர் பார்த்து அவள் அட்டையில் எழுதினேன். நூற்றி அறுபது, நூற்றி எண்பது, இருநூறு. ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அட்டை உங்கள் மேஜைமேல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் பிலிப் ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டபோது, "கண்ணாயி பிரஷர் மாத்திரை சாப்பிடறதில்லை சார்" என்றேன். இதை நான் பொய்களில் சேர்க்கவில்லை. அவள் சாப்பிடவில்லை என்பது உண்மைதானே. அவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். அதையும் வாங்கி என் வீட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். நீங்கள் எடுத்த டப்பா அதுதான்.

நினைத்தபடியே நடந்தது. ஐப்பசியில் மகன் வீட்டைப் பார்த்து வரலாம் என்று கிளம்பியவள் நாலாவது வளைவில் வாந்தியெடுத்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்பி வந்தாள். நான் தலையில் ஈரத்துணி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன் சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அதோடு பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மகன் விடவில்லை. போன் போட்டு, "தையில காரே எடுத்துட்டு வாரேன், படுத்துக்கிட்டே வந்துரலாம்மா" என்று சொல்லிவிட்டான். கார் என்றதும் நான் வேறு என்ன செய்ய முடியும்? அதையே தொடர்ந்தேன்.

மார்கழி இருபத்தைந்தாம் தேதி. நாலு மணிக்கெல்லாம் பனி ஜன்னல்வரைக்கும் வந்துவிட்டது. கண்ணாயி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே அதன் முனையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சீரியலில் மாமியார் மருமகள் காலில் விழப்போகிற நேரம். "பாரேன், கடைசில இவளே வந்து" என்றாள். அதற்குமேல் வார்த்தை குழறியது. வலது கையிலிருந்து ஊசி நழுவியது. இடது கையால் எடுத்துக் குடித்த அடுத்த வாய் டீ உதட்டின் ஓரமாக வழிந்து மஃப்ளரில் இறங்கியது. முகத்தின் வலப்பக்கம் தொங்கிவிட்டது.

நான் நர்ஸ். அது என்னவென்று தெரிய எனக்கு ஒரு நொடி போதும். எவ்வளவு நேரத்துக்குள் கீழே கொண்டு போக வேண்டும் என்பதும் தெரியும். போன் பக்கத்தில்தான் இருந்தது. பனி நாட்களில் சிக்னல் இருக்காது, அன்றைக்கு மூன்று கோடு இருந்தது. நான் பார்த்தேன்.

யோசித்துத்தான் முடிவெடுத்தேன், பதற்றத்தில் அல்ல. ஆம்புலன்ஸ் வந்தால் கீழே கொண்டு போவார்கள். பிழைத்தால் மகன் அங்கிருந்தே ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு மேலே அனுப்பவே மாட்டான். ஆறு மாதமாக நான் பட்ட பாடு அத்தனையும் வீண்.

அவள் வாயைத் துடைத்துவிட்டேன். தலைக்குப் பின்னால் தலையணை வைத்தேன். அவள் பயந்துவிடக் கூடாது என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு நாள் இந்தப் பனி இருக்கும் என்கிறார்கள் அக்கா, மிளகைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மாமியார் அழுகிறாள் பாரக்கா என்றேன். அவள் இடது கை என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. கண் போனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் போனைப் பார்த்தது. அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலேமுக்கால் இருக்கும், கதவு தட்டினார்கள். சாமியாத்தாள். கீழ்த் தெருக்காரி, அவளுக்கும் பிரஷர்தான், வார மாத்திரை வாங்க வந்திருந்தாள். நான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன்.

"ஏனுங்க நர்சம்மா, கண்ணாயக்கா உள்ளாற இருக்குதுங்களா? ஊட்டுல காணோமுங்க."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது, தொண்டைச் சத்தம். டிவியில் எல்லாரும் அழுதுகொண்டிருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை. சாமியாத்தாள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"தூங்குறாங்க" என்றேன். "காலையில வாங்க."

இதுதான் இரண்டாவது பொய். அவள் கவரை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு நூல் கட்டிய கவர். வாங்கிக்கொண்டு பனிக்குள் போய்விட்டாள். நான் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணாயி அதற்குப் பிறகு போனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. ஆறேகாலுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், இப்போதுதான் விழுந்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரஷர் ஏறிப் போய்விட்டாள் என்றார்கள். மூன்றாம் நாள் மகன் அவள் துணிமணிகளை எடுத்து வைக்கும்போது மஃப்ளரை விரித்தான். இழவுக்கு வந்த சாமியாத்தாள் அதைக் கையில் வாங்கினாளாம். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனாளாம். நாலு வருஷத்துக்கு ஒரு சேப்பு, ஒரு வெள்ளை, ஒரு சேப்பு, ஒரு வெள்ளை. கடைசி முக்கால் முழம் மொத்தமும் வெள்ளை. வாரத்துக்கு இரண்டு நூல் என்று அந்த முடிச்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஆடியில இருந்து உங்கம்மாளுக்குப் பிரஷர் மாத்தரையே குடுக்கலீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். எழுத்துத் தெரியாதவள். அவளுக்கு அந்த நூலைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தியது நான். ஆள் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது நான். தேடி வந்தவளைத் திருப்பி அனுப்பியதும் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, சுய நினைவோடு எழுதுகிறேன். சதீஷ்குமார் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்து, "உங்கள எங்கம்மா கூடப் பொறந்தவளாட்ட நெனச்சாங்களே" என்று கத்தினான். அவனுக்குத் தெரியவில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிற பிள்ளை அவன். தினமும் நாலு மணிக்கு அவளுக்குக் கதவு திறந்தவள் நான்.

அன்றைக்கு உடனே கீழே அனுப்பியிருந்தால் கண்ணாயி பிழைத்திருப்பாள் என்று டாக்டர் பிலிப் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நான் மறுக்கவில்லை. பிழைத்து யாரோடு இருந்திருப்பாள் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.