தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு

வாக்குமூலம் தருபவரின் பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் உள்ளன. வயது 43. இன்னாரின் மனைவி. தொழில்: (கோடு நீக்கித் திருத்தப்பட்டது) கிளப் வரவேற்பு மேசை ஊழியர்.

நான் மேற்படி கிளப்பில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ஆண்கள் மட்டுமே உறுப்பினர். உடன் வரும் பெண்கள் என் மேசைக்கு எதிரே உள்ள பெண்கள் அறையில் உட்கார வேண்டும், மாடிக்குப் போகக் கூடாது. நானும் பெண் என்பதால் இத்தனை வருடத்தில் அந்தப் படியில் கால் வைத்தது கிடையாது. வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஆண்கள் என்றால் பெயரும் தொழிலும் கேட்டு எழுத வேண்டும். பெண்கள் என்றால் 'இன்னாரின் மனைவி' என்று எழுதி, தொழில் என்ற இடத்தில் கோடு போட வேண்டும். அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள், கையும் பழகிவிட்டது.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் ஒருவர் மனைவியுடன் வந்தார். அவர் சீட்டாட மாடிக்குப் போனார். அந்த அம்மாள் பெண்கள் அறையில் தனியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தண்ணீர் கேட்டு வந்தவர், மேசைக்குப் பக்கத்தில் நீட்டியிருந்த என் காலைப் பார்த்து, "இந்த வீக்கம் எவ்ளோ நாளா இருக்கு? படுத்தா மூச்சு வாங்குதா?" என்று விசாரித்தார். குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். "ஐயோ, பெரிய டாக்டரம்மா மாதிரில்ல கேக்குறீங்க!" என்று நான் கேலி செய்தேன். "டாக்டரம்மாதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நான்கு மணி பத்து நிமிடத்துக்கு மாடியிலிருந்து சர்வர் போன் செய்தார். "அக்கா, இங்க ஒருத்தர் நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்துட்டாரு. கிளப்ல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா, பாருங்க!" என்றார். நான் பதிவேட்டில் தொழில் பத்தியின் மேல் விரலை ஓட்டினேன். இன்ஜினீயர், கோடு, வக்கீல், வியாபாரம், கோடு. "டாக்டர் யாரும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன். விழுந்தது யார் என்று கேட்கவில்லை. அந்த அம்மாள் பத்தடி தூரத்தில் இருந்து, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார். மாடியில் எது நடந்தாலும் பெண்கள் காதுக்குப் போகக் கூடாது என்பது செயலாளரின் கண்டிப்பான உத்தரவு. "ஒண்ணுமில்லம்மா, நீங்க படிங்க" என்றேன்.

அதன் பிறகு நான்கு இருபத்தைந்துக்கு ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். புத்தகம் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கணவரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் ஆள், "தள்ளுங்கம்மா" என்றார். "நான் ஹார்ட் டாக்டர்ப்பா" என்று சொல்லி, எண்ணி எண்ணி அழுத்தினார். அழுத்திக்கொண்டே திரும்பாமல், "எத்தன மணிக்கு விழுந்தாரு?" என்று கேட்டார். "நாலு பத்துக்கும்மா" என்றேன்.

"நான் இங்கதானே இருந்தேன்" என்றார்.

அதன் பிறகு ஆம்புலன்ஸில் அவரும் ஏறிப் போனார். போகும் வழியிலேயே கணவரின் உயிர் போய்விட்டதாகப் பின்னர் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோட்டு மேல இல்லத்தரசின்னு எழுதிடுங்க. அவங்க டாக்டர்னு நம்மகிட்ட சொல்லவே இல்ல. வேலை வேணும்ல?" என்றார். வேலை போனால் எனக்கு நடுத்தெருதான். ஆனாலும், "எங்கிட்ட சொன்னாங்க சார். நான்தான் சிரிச்சேன்" என்று சொன்னேன். அதன் பிறகு பதிவேட்டைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து ஒப்படைத்தேன். அதிலுள்ள கோடுகள் எல்லாம் நான் போட்டவை.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அப்போது இந்தத் தாளின் தலைப்பில் என் தொழில் என்ற இடத்தில் அவரும் ஒரு கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். "பழக்கதோஷம்மா" என்றார். அதைத் திருத்தினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். திருத்தினார். இதில் எழுதியிருப்பது அத்தனையும் நான் சொன்னதே, நடந்ததே.

(ஒப்பம்)
கிளப் வரவேற்பு மேசை ஊழியர்