புதன்கிழமை, மூன்று மணி

— வாயை இன்னும் கொஞ்சம் திறங்க சார். இப்படி இறுக்கி வச்சுக்கிட்டா நான் எங்க கையை விடறது?

— முதல்ல ஒண்ணு சொல்லுங்கம்மா. ஒரு ஆளுக்குப் பல் சுத்தம் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

— மூணாவது தடவையா கேக்கறீங்க. முக்கால் மணி நேரம். காரை கெட்டியா படிஞ்சிருந்தா ஒரு மணி. உங்களுக்கு ஒரு மணிதான், அதுல சந்தேகமே வேண்டாம்.

— அஞ்சு நிமிஷத்துல முடியுமா?

— அஞ்சு நிமிஷத்துல வாயைக் கொப்பளிச்சுத் துப்பலாம். திறங்க. இப்ப ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இந்தக் கம்பியை விட்டு ஆழம் பாக்கறேன். மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது, அதுக்கு மேல போனா ஈறு பல்லை விட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். வலிச்சா கையைத் தூக்குங்க, பேசாதீங்க. மூணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. என்ன சார், வலிக்குதா?

— வலிக்கலை. புதன்கிழமை மூணு மணிக்கு ஆம்பளைங்க யாராவது வழக்கமா வருவாங்களா?

— பல் இருக்கறவங்க எல்லாரும் வருவாங்க. இது என்ன கேள்வி?

— இந்த அறைக்குப் பின்பக்கமா வழி இருக்கா?

— நீங்க பல்லைக் காட்ட வந்தீங்களா, கட்டடத்தை விலை பேச வந்தீங்களா? அந்தக் கதவைத்தானே பாக்கறீங்க? கருவியெல்லாம் கழுவற இடம். ஒரு ஆள் உள்ள போனா திரும்ப முடியாது. வேணும்னா போய்ப் பாத்துக்குங்க.

— பாத்துட்டேன். நீங்க கையுறை எடுக்கப் போனப்போ.

— சார், நாற்காலியை நிமித்தறேன். எழுந்து உக்காருங்க. நீங்க யாரு?

— படிவத்துல எழுதியிருக்கேனே. பஸ் டிப்போவுல டைம் கீப்பர். முப்பத்தோரு வருஷம். எந்த வண்டி எப்ப உள்ள வந்துது, எப்ப வெளிய போச்சுன்னு எழுதறது வேலை. டிரைவர் ஆயிரம் சொல்லுவான், நீ கடிகாரத்தை மட்டும் நம்புன்னு சொல்லித்தான் என்னை உக்கார வச்சாங்க.

— என்கிட்ட வண்டி எதுவும் இல்லையே.

— இந்த அட்டை இருக்கு. இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?

— இது எப்படி உங்க கைக்கு வந்துது?

— என் வீட்டுக்காரி கைப்பையில இருந்துது. அஞ்சு தேதி. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அஞ்சும் புதன், அஞ்சும் மூணு மணி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு உங்க வாசல் பலகையே சொல்லுது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து சுத்தம் பண்ண அது என்ன பல்லா, பாத்திரமா?

— ஒருத்தர் வாய் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்லக் கூடாது. புருஷனா இருந்தாலும் அதேதான். வீட்டுக்குப் போய் அவங்களையே கேளுங்க.

— கேக்க முடியாது.

— சண்டையா?

— செத்துப் போயிட்டா. ஏழு மாசம் ஆச்சு.

— சார்...

— விளக்கை ஏன் அணைக்கறீங்க? போடுங்கம்மா. உங்க முகம் எனக்குத் தெரியணும்.

— எப்படி?

— ரத்தத்துல புற்றாம். வேகமா வர்ற ஜாதியாம். காய்ச்சல்னு சேத்தோம். பத்தொன்பதாவது நாள் போயிட்டா.

— யார் உங்களை அனுப்பினது? வக்கீலா?

— எதுக்கு வக்கீல்?

— டாக்டர் பக்கத்து அறையிலதான் இருக்கார். கூப்பிடறேன். எதுவா இருந்தாலும் அவர்கிட்ட பேசிக்குங்க.

— டாக்டர் வேண்டாம். நான் கேக்க வந்தது வேற. என் வீட்டுக்காரி அந்த அஞ்சு புதன்கிழமையும் நிஜமாவே இங்க வந்தாளா? இங்கதான் இருந்தாளா? அவ்வளவுதான். நீங்க என்னத்துக்கு வக்கீல்ங்கறீங்க?

— வந்தாங்க. அஞ்சு தடவையும் வந்தாங்க. நோட்டுல இருக்கு, வேணும்னா காட்டறேன். போதுமா?

— தனியாவா?

— தனியாத்தான். நீங்க அவங்களைச் சந்தேகப்பட்டீங்களா சார்?

— பாருங்கம்மா. முப்பது வருஷமா ரெண்டு நிமிஷத்துல பல் தேய்ச்சிட்டு அடுப்படிக்குப் போறவ. திடீர்னு புது பிரஷ், பல் இடுக்குல விடற நூல், என்னவோ சின்ன கண்ணாடி. காலையில ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. உதட்டைத் தூக்கித் தூக்கிப் பாக்கறா. கேட்டா, அங்க ஒரு அம்மா தேய்க்கச் சொல்லியிருக்காங்கங்கறா. குளியலறை வாசல்ல நின்னு நேரம் பாத்தேன். பதினோரு நிமிஷம்.

— பதினோரு நிமிஷமா?

— ஒரு நாள் இல்லை, ரெண்டு வாரம் பாத்தேன். பத்துக்குக் கீழ வந்ததே இல்லை. இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்கு இந்தப் பல்லுன்னு கேட்டேன். சிரிச்சா. அன்னியிலிருந்து சிரிக்கும்போது கையால வாயை மூடிக்க ஆரம்பிச்சா. பேசும்போது முகத்தைத் திருப்பிக்குவா. குத்தமுள்ள நெஞ்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

— கடிகாரம் பாத்தீங்களா, இல்லை, சும்மா மனசுல ஒரு கணக்கா?

— என்னைப் பாத்தா சும்மா சொல்றவன் மாதிரியா இருக்கு? ஏன் எழுந்துட்டீங்க?

— தண்ணி குடிக்க. இருங்க.

— குடிச்சிட்டுச் சொல்லுங்க.

— அவங்க என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க சார். பத்து நிமிஷத்துக்கு மேலயே தேய்க்கறேன், அப்படியும் ரத்தம் நிக்கலைன்னு. நான் நம்பலை.

— ஏன்?

— இந்த நாற்காலியில உக்கார்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரு, தினம் ரெண்டு வேளை தேய்க்கறேன்னு கூசாம பொய் சொல்லுவாங்க. நீங்களும் படிவத்துல ரெண்டு வேளைன்னுதான் எழுதியிருக்கீங்க.

— நான் எழுதினது பொய்தான்.

— தெரியும். ஈறு சொல்லிடும். ஆள் சொல்றதைக் கேக்காதே, ஈறு சொல்றதைக் கேளுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அவங்க ஈறு அப்படியே பல் மேல ஏறி வீங்கியிருந்துது. காத்து பட்டாலே ரத்தம். முதல் தடவை பக்குவமாத்தான் சொன்னேன். ரெண்டாவது தடவை பொம்மைப் பல்லைக் கையில குடுத்து, எப்படித் தேய்க்கறீங்க, செஞ்சு காட்டுங்கன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பல்லா தேய்ச்சுக் காட்டினாங்க. எல்லாம் சரியா இருந்துது. அப்படின்னா வீட்டுல செய்யறதில்லைன்னு நினைச்சேன். மூணாவது, நாலாவது தடவை திட்டினேன்.

— என்னன்னு?

— டாக்டரை ஏமாத்தலாம், என்னை ஏமாத்தலாம், உங்க வாயை ஏமாத்த முடியாதும்மான்னு.

— ஆஸ்பத்திரியில ரெண்டாவது நாளே அங்க இருந்த டாக்டர் அவ உதட்டைத் தூக்கிப் பாத்தாரு. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியலை. அவ எவ்வளவு நேரம் தேய்ச்சான்னு தெரியும். எதைத் தேய்ச்சான்னு நான் பாக்கலை.

— சுத்தம் பண்ணியும் ரெண்டு வாரத்துல வீக்கம் குறையலைன்னா, ரத்தத்துல கோளாறு இருக்கலாம், டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டணும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். அதுதான் முறை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் இருக்கார் சார். நான் கூப்பிடலை. இப்ப நீங்க வக்கீல்கிட்ட போங்க. இதையே எழுதித் தர்றேன்.

— காட்டியிருந்தா பொழைச்சிருப்பாளா?

— தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நான் கூப்பிடலை.

— அஞ்சாவது புதன்கிழமைக்கு வாங்க.

— அதை விட்டுடுங்களேன்.

— அதுக்காகத்தான் நான் இந்த நாற்காலியிலயே உக்காந்தேன். அன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு அவளுக்குத் தெரியாம பின்னாடியே வந்தேன். எதிர்ல ஜெராக்ஸ் கடை ஓரமா நின்னேன். மூணு மணிக்கு உள்ள வந்தா. மூணு அஞ்சுக்கு வெளிய போயிட்டா. முக்கால் மணி நேர வேலைங்கறீங்க. அஞ்சு நிமிஷத்துல எப்படி முடிஞ்சுது?

— அப்புறம் அவங்க எங்க போனாங்க?

— வீட்டுக்குப் போகலை. இந்தப் பக்கத்து பஸ் நிறுத்தத்துல உக்காந்தா. குனிஞ்சிருந்தா, முகம் தெரியலை. நாலு பஸ் வந்துது. நாலும் எங்க வீட்டு வழியா போற பஸ். ஒண்ணுலயும் ஏறலை. ஒரு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தா. எவனுக்கோ காத்திருக்கா, வரட்டும், கையும் களவுமா பிடிக்கலாம்னு நானும் நின்னேன். யாரும் வரலை. என்னைப் பாத்துட்டு அவன் நழுவிட்டான்னு நினைச்சுக்கிட்டேன்.

— ஒரு மணி நேரமா ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேக்கலையா?

— கேக்கலை. வீட்டுல வச்சுக் கேட்டேன். ஒண்ணும் தெரியாத மாதிரி, என்ன, பல் சுத்தம் பண்ணியாச்சான்னு. என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஆச்சுன்னா. அது பொய்னு எனக்குத் தெரியுமே. அதுக்கப்புறம் நான் அவகிட்ட பேசலை. ஒன்பது நாள். காய்ச்சல்ல விழற வரைக்கும். ஆஸ்பத்திரியிலகூட, யாரையாவது வரச் சொல்லணுமான்னு கேட்டேன். அந்த யாரையாவதுங்கற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். அவளுக்குப் புரிஞ்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. அந்த அஞ்சு நிமிஷத்துல இங்க என்ன நடந்துதும்மா?

— நான் அவங்களை உக்காரவே விடலை. இந்த அறை வாசல்ல வச்சே வாயைத் திறக்கச் சொன்னேன். இன்னும் வீங்கியிருந்துது. கன்னத்துல வேற நீலமா ஒரு கன்றல். வீட்டுல எங்கயாவது இடிச்சுக்கிட்டாங்களோ, இல்லை யாராவது அடிச்சாங்களோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அதையும் கேக்கலை. தேய்ச்சுட்டு அப்புறம் வாங்க, அது வரைக்கும் என் நேரத்தை வீணாக்காதீங்கன்னு அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

— அழுதாளா?

— இல்லை. கோபமும் படலை.

— ஒண்ணுமே சொல்லாமலா போனா?

— சொன்னாங்க.

— சொல்லுங்க.

— வேண்டாம் சார். உங்களால தாங்க முடியாது.

— ஏழு மாசமா தூங்காதவன்மா நான். சொல்லுங்க.

— அந்த ஜன்னலைக் காட்டினாங்க. எதிர்க் கடை ஓரமா நிக்கறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர், நான் பயந்து போயிருக்கறது தெரிஞ்சு சொல்லாமலே துணைக்கு வந்திருக்கார், என் பேச்சை நம்ப வேண்டாம், அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னாங்க.