ஓஃப்சைட் சனல்

...அங்கை பிடியாதேங்கோ தம்பி, ஐயோ, அது மரம்! கண்ணாடியைப் பிடியுங்கோ. ஓம், கீழ்க் கரையை. ரெண்டு கையாலையும். அப்பிடியே பின் சீற்றிலை சாஞ்சு இருங்கோ, பிடிச்சுக்கொண்டிருந்தாக் காணும். பசை இறுகப் பத்து நிமிசம் எண்டு ரியூப்பிலை போட்டிருக்கு. போன முறையும் அப்பிடித்தான் போட்டிருந்தது... அதை விடுங்கோ.

நீங்களும் பாவம். பக்கத்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகேல்லை. குப்பை வாளி என்ன நாள் வெளியிலை வைக்கிறது எண்டு கேக்க வந்த மனுசனைக் காருக்குள்ளை ஏத்திப்போட்டன். என்ன செய்ய? தமிழ் ஆள் எண்டு தெரிஞ்சாப் பிறகு விட ஏலுமோ? மற்றதுகள் எல்லாம் என்னைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கத்தாலை போகுதுகள்.

இது மொறிஸ் ட்ரவலர் தம்பி. அறுபத்தாறாம் ஆண்டுக் கார். பின்பக்கம் முழுக்க மரச்சட்டம், அதுக்கை இழுத்துத் திறக்கிற கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஓடுறதுக்குக் கீழை வாய்க்கால் மாதிரி ஒரு தகரப் பீலி இருக்கும். அதுக்குப் பேர்தான் சனல். இடப்பக்கத்துச் சனல் உக்கிப் போச்சு. உக்கினாப் பரவாயில்லை, பாசி பிடிச்சு, பேந்து சின்னக் காளான் ஒண்டும் முளைச்சுது. உண்மையா! நான் கலாவதியிட்டை, என்ரை மனுசியிட்டை, "சனல் மாத்த வேணும்" எண்டு சொல்ல, அவ டீவீ ரிமோட்டைத் தூக்கித் தந்திட்டுப் போறா. நான் சொல்லுறது அவவுக்கு அவ்வளவுதான்... இல்லை, அப்பிடிச் சொல்லக்கூடாது. வீட்டிலை இல்லாத ஆளைப் பற்றி.

எங்கையோ? அண்ணன் வீட்டை. ஈஸ்ட் ஹாம், லண்டனின்ரை அந்தக் கரை. மூண்டு கிழமையாச்சு.

எல்லாம் இந்தச் சனலாலை! கண்ணாடியை விடாதேங்கோ, கேளுங்கோ. கலியாணம் கட்டின நாளிலையிருந்து ஒருநாள் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிடாத மனுசி. என்ரை அம்மாவைச் சமாளிச்சா. என்ரை ரெண்டு தங்கச்சிமாரையும் சமாளிச்சா. கடைசியிலை ஒரு தகரப் பீலியிலை வந்து வழுக்கி விழுந்திருக்கு என்ரை குடும்பம்.

அவவின்ரை அண்ணன் பாலேந்திரா. வாகன வேலை எண்டா அந்தாள்தான். அவரைத்தான் பூட்டக் கூப்பிட்டன். வந்தார், சனலைக் கையிலை எடுத்தார், திருப்பித் திருப்பிப் பாத்தார். "மச்சான், இது..." எண்டார். நான் சொன்னன், "நாலு இடம் விசாரிச்சு எடுத்த சாமான் மச்சான், நீர் பூட்டும்" எண்டு. "இல்லை, இந்த ஓட்டை..." எண்டார். "அது மழைத்தண்ணி வெளியிலை போறதுக்கு" எண்டு நான் படிப்பிச்சன். அவருக்கு! முப்பது வருசம் தபால் கந்தோரிலை காயிதம் பிரிச்ச நான்! மனுசன் பெருமூச்சு விட்டார், பூட்டினார், தேத்தண்ணியும் குடியாமல் போனார்.

வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்கு வெளிக்கிட்டம். இப்ப நீங்கள் இருக்கிற இடத்திலைதான் கலாவதி. ஏனெண்டா முன் சீற்றிலை என்ரை ரூல்ஸ் பெட்டி, சுத்தியல் குறடு வைக்கிறது. ஓம், பெட்டிக்கு முன் சீற், மனுசிக்குப் பின் சீற்... சொல்லேக்கை எனக்கே கேக்க நல்லா இல்லை. பாதி வழியிலை பிடிச்சுது மழை. பெய்த தண்ணி அவ்வளவும் பீலியாலை ஓடி உள்ளுக்கை வந்து அவவின்ரை மடியிலை ஊத்துது. காஞ்சிபுரம், தம்பி! மகளின்ரை கலியாணத்துக்கு எடுத்த சீலை. அவ "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" எண்டுறா. நான் இந்தக் காரின்ரை அருமை பெருமையை அவவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு ஓடுறன்.

கோயிலிலை பாலேந்திரா அன்னதான வரிசையிலை தட்டோடை நிக்கிறார். நான் என்ன செய்திருக்க வேணும்? வாயைப் பொத்தியிருக்க வேணும். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, "ஒரு சனல் பூட்டத் தெரியாததெல்லாம் மெக்கானிக்காம்" எண்டு கத்தினன். ஐயர் மணியை நிப்பாட்டிப்போட்டுப் பாக்கிறார். பாலேந்திரா தட்டை வைச்சிட்டு வெளியிலை போயிட்டார். கலாவதியோ? ஈரச் சீலையோடை போய் அண்ணனின்ரை காரிலை ஏறினவதான்.

அதுதான் இந்த முறை என்ரை கையாலை பூட்டுறன். சனலும் புதிசா எடுப்பிச்சது. நேரை ஈஸ்ட் ஹாம் போறது, வாசல்லை நிப்பாட்டுறது, "பாரும், ஒரு துளி இல்லை" எண்டு காட்டுறது. வருவா. மன்னிப்பு அது இது எண்டு ஆளை ஆள் சங்கடப்படுத்தத் தேவையில்லை.

வராட்டி... அதைக் கேளாதேங்கோ. இப்பவும் ரெண்டு பேருக்குத்தான் அரிசி போடுறன். சமைச்சிட்டுப் பாத்தாத்தான் விளங்குது. எனக்குப் பயமா இருக்குத் தம்பி, அதுதான் உண்மை.

சரி, பத்து நிமிசம் ஆச்சு. நான் வெளியிலை நிண்டு தண்ணி ஊத்துறன், நீங்கள் உள்ளுக்கை பாத்துச் சொல்லுங்கோ. ஊத்தட்டோ? ...என்ன? வருதோ? எங்கை? ஐயையோ, உங்கடை காற்சட்டை! எழும்பாதேங்கோ, கூரை பதிவு, தலை... இடிச்சுப்போட்டுதோ? பொறுங்கோ, துவாய் தாறன்.

கோதாரி! ரெண்டாம் முறையும் பிழையான சாமான்! ஃபோனிலை அந்தச் சாமான் கடைப் பொம்பிளை வடிவாக் கேட்டவ தம்பி, "ஓஃப்சைடோ, நியர்சைடோ?" எண்டு. "ஓஃப்சைட்" எண்டனான், ஒரு செக்கன் யோசிக்கேல்லை. எனக்கோ ஓஃப்சைட் தெரியாது? பள்ளிக்கூடக் கிரிக்கெட் ரீமிலை ஓப்பினிங் இறங்கினவன். இடக்கை ஆட்டக்காரன். ஓஃப்சைட்டிலை ஒரு கவர் ட்றைவ் அடிச்சனெண்டா, இந்தா, இப்பிடி இடப்பக்கத்தாலைதான் பந்து போகும்.

என்ன, கையை அங்காலை காட்டுறியள்? அது ட்றைவர் பக்கம். வலம்.

...ட்றைவர் பக்கமோ ஓஃப்சைட்? எல்லாக் காருக்குமோ? ஆர் எந்தக் கையாலை ஆடினாலுமோ?

ஐயோ.

அப்ப இது வலப்பக்கத்துச் சனல். வெளியிலை பாக்க வேண்டிய ஓட்டை சீற்றைப் பாத்துக்கொண்டு நிக்குது. நுனி சாய்ச்சு வெட்டினபடியாலை திருப்பிப் போடவும் ஏலாது. பாலேந்திரா அண்டைக்கே கண்டிருக்கிறார். நான் என்னெண்டா பேந்தும் அதையே கேட்டு, அதையே எடுத்து, என்ரை கையாலையே பூட்டி... வலக்கையாலை ஆடப் பழகியிருந்தா என்ரை மனுசி வீட்டிலை இருந்திருப்பா!

சிரியுங்கோ, சிரியுங்கோ. நனைஞ்சது நீங்கள்தானே.

பொறுங்கோ, ஃபோன் எடுக்கிறன்... ஹலோ, மச்சானோ? நான்தான். வைச்சிடாதேயும். மச்சான், பிழை என்ரை. பக்கத்தை மாறிச் சொல்லிப்போட்டன்... ஓம். ஓம், கோயிலிலை கத்தினதும் பிழை. அந்தச் சனத்துக்கு முன்னாலையே வந்து சொல்லுறன். வாற வெள்ளி... சிரிக்கிறீரோ? சரி, சிரியும். அவ பக்கத்திலையோ? ஒருக்காக் குடும்.

கலா, நான்தான். உந்தச் சனல் மற்றப் பக்கத்துக்குரியது, நான்தான் விசரன் மாதிரி... என்ன? தெரியுமோ? சனல் வந்த பெட்டியிலை எழுதியிருந்ததோ? வந்த அண்டைக்கே பாத்தனீரோ? பேந்தேனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?

...

தம்பி, "என்னைக் கதைக்க விட்டனீங்களோ" எண்டு கேக்கிறா.

...

இல்லை, கலா. விடேல்லை.

சரி. நான் வாயை மூடுறன். நீர் சொல்லும்.