நாடாவைத் தளர்த்திய நாள்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் வேதசிரோமணி ஐயா அவர்களே, இரும்புலியூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கும் பெரியவர்களே, வயிற்றில் பையோடும் முகத்தில் சிரிப்போடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அருமைத் தாய்மார்களே, வணக்கம்.

"அக்கா, இனிமே உனக்கு நைட்டிதானா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1990இல், என் தங்கை தாயாரம்மாள் கேட்ட கேள்வி இது. குடலில் வந்த கட்டியை அறுத்தெடுத்து, இடப்பக்க வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கஞ்சி போட்ட புடவை கட்டிப் பாடம் நடத்தியவள் நான். என்னிடமா இந்தக் கேள்வி?

புடவைதான் கட்டினேன். பை நழுவிவிடுமோ என்று பயந்து பாவாடை நாடாவை இறுக்கினேன், மேலும் இறுக்கினேன். கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில், அத்தனை பேர் நடுவில், பை பிதுங்கிப் புடவை நனைந்தது. நனைந்தது புடவை மட்டுமா?

மகன் ராஜாராமன் கல்யாணத்துக்கு இருபதே நாள். "நான் வரலை. மேடையில நீயே நில்லு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தார் தையல்காரர் ஜஹீரா. விஷயத்தைக் கேட்டார்.

"நாடாவ எங்க கட்டறீங்க, காட்டுங்க."

காட்டினேன்.

"இன்னா டீச்சர் இது! பை நெரம்ப வேணாமா? நீங்க அதும் கழுத்தப் புடிச்சிகினா அது எங்க போவும்?"

பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள் அம்மா! அறுவைக்குப் பிறகு நானும் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தேன்.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுத்தார். நின்றால் ஒரு வயிறு, உட்கார்ந்தால் ஒரு வயிறு அல்லவா? பாவாடையிலிருந்து நாடாவையே நீக்கினார். தோளில் மாட்டும் பட்டி வைத்தார். புடவையைச் செருக, இடுப்பில் நாலு விரல் அகலத்துக்கு மெத்தென்ற துணி வைத்தார். பாரம் தோளுக்குப் போனது. பை தாராளமாகத் தொங்கியது. அதன்மேல் என் அரக்குப் பட்டு!

கல்யாண மேடையில் இரண்டு மணி நேரம் இருந்தேன். தாயாரம்மாள் என் காதோரம் குனிந்தாள். "பை எந்தப் பக்கம்க்கா? எனக்கே தெரியலையே!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அஞ்சி இறுக்காதீர்கள், தாய்மார்களே! அறைக்குள் ஒடுங்காதீர்கள்! அலமாரியில் உறங்கும் புடவையை எழுப்புங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அன்புக்கு நன்றி, வணக்கம். இன்று வீட்டுக்குப் போனதும், பிடித்த புடவையைக் கட்டி அரை மணி நேரம் நாற்காலியில் உட்காருங்கள்; அழுத்துகிற இடத்தைப் பாவாடையில் சாக்பீஸால் குறித்துத் தையல்காரரிடம் கொடுங்கள்.