ஆடி மாசத்துப் பேரிக்காய்

— அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல பேரிக்காயச் சொல்லுங்க.

— என்னா கிருஷாந்தி, குவைத்துலருந்து போன் கோல் எடுத்து, பிள்ளையக் கேக்காம பேரிக்காயக் கேக்குற?

— பிள்ளையையும் கேப்பேன். ஒண்ணொண்ணா வாரேன். நம்ம லயத்து வீட்டு வாசல் பேரிக்கா பழுத்துருச்சா?

— ஆடி பொறந்துருச்சே, பழுக்காம என்னா செய்யும்? நேத்துத்தான் ஏறிப் பறிச்சேன்.

— எல்லாத்தயுமா?

— ஒண்ணு மிச்சமில்ல. பாதிய பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் குடுத்தேன்.

— நேத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— நேத்துத்தான். புருசன் ஜீவராஜ் பேச்ச நம்ப மாட்டியா?

— நம்பித்தானே மூணு வருசமாப் பேசுறேன். சரி, பாத்தியில லீக்ஸ் நிக்குதா?

— நிக்குது, நிக்குது. போஞ்சியும் காய்க்குது. அந்தந்த மாசத்துக் காயத் தின்னே வயிறு ரொம்புது. கடைக்கே போறதில்ல.

— எனக்குத் தலையே சுத்துதுங்க.

— அங்க வெயிலு அப்புடி. ஏசியப் போட்டுக்க.

— வெயிலா? குளிருல பல்லு அடிச்சுக்குது எனக்கு.

— அப்ப ஏசிய நிப்பாட்டு. இன்னிக்கு நீ பேசுறது ஒண்ணுமே வெளங்கல.

— எனக்கும்தான் வெளங்கல. பிள்ளைகிட்டக் குடுங்க.

— அம்மா!

— சுலக்ஷனா, தங்கம், பேரிக்கா தின்னியா?

— இல்லம்மா, ரம்புட்டான்! நானே மரத்துல பறிச்சேன். எறும்பு கடிச்சிருச்சு. மரம் முழுக்கச் செவப்பு!

— ரம்புட்டான் மரமா? நம்ம குளிருக்கு அது வராதேடி. எங்க இருக்கு மரம்?

— நாங்க வாடகைக்கு இருக்குற வீட்டுக்கார அம்மா, நோனாவோட மரம். அப்பா வேலைக்குப் போனா நான் நோனாகிட்டத்தான்...

— ஏய், இங்க தா போன! கிருஷாந்தி... அது வந்து...

— எங்கங்க வச்சிருக்கீங்க எம்பிள்ளைய?

— கொழும்புக்குப் பக்கத்துல, வத்தளையில. நாலு மாசமாச்சு. தேயிலத் தோட்டத்துல வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலைக்குப் பேர் போட்டாங்க. இங்க ஒரு ஸ்டோர்ல மூட்ட தூக்குறேன்.

— ஏங்க மறச்சீங்க?

— நம்ம காம்பராவுல வெளக்கு எரியுதுங்கிற நெனப்புலதானே நீ அங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குற. அதயும் நான் அணைக்கணுமா? அதான் எந்த மாசத்துக்கு எது காய்க்கும்னு நெனச்சு நெனச்சு ஒப்பிச்சேன். அதுல ஒரு தப்பும் விடலயே? பிள்ள வாயத் தொறக்க முன்னமே ஒனக்கு எப்புடிச் சந்தேகம் வந்துச்சு?

— மாசத்துல தப்பில்லீங்க. நீங்க நேத்துப் பறிச்ச பேரிக்கா அம்புட்டும் மரத்துலயே தொங்குது. சொல்லாம வந்து நிப்போம்னு வந்தவ, நம்ம காம்பராவோட பூட்டுன கதவுக்கு முன்னால பெட்டியோட ஒக்காந்திருக்கேன். வெலாசத்தச் சொல்லுங்க, நானுஓயா ஸ்டேசனுக்குப் போயி ரயிலு ஏறணும். ஒங்களுக்கு எத்தன பறிச்சுக்கிட்டு வரட்டும்?